கல்பனா சாவ்லா அம்மையாரும் விண்வெளி உயிராராய்ச்சியும்

காஞ்சி மாநகரிற் பிறந்து வளர்ந்த எமக்குப் பட்டு என்பது புதிய பொருளன்று. பிள்ளையார்பாளையத் தெருக்களிலே பாவு நீட்டியிருக்கும் காலை வேளைகளையும், குழித்தறியில் நாடா ஓடும் ஓசையையும் இளமை தொட்டுக் கண்டும் கேட்டும் வருகின்றோம். ஆயின் அப்பட்டினைத் தருகின்ற புழு ஒருகால் விண்வெளிக்கும் சென்றது என்பதும், அதனை ஏற்றிச் சென்ற ஓடத்திலே பொறியாளராக அமர்ந்திருந்தவர் நம் நாட்டிற் பிறந்த ஒரு பெண்மணியார் என்பதும் எம் ஊரிற் பலரும் அறியாத செய்திகள். அப்பெண்மணியாரே கல்பனா சாவ்லா அம்மையார் ஆவர்.

அம்மையாரின் பெயரைக் கேளாத மாணாக்கர் இரார். எம்மை ஒத்த வயதினர் பிறப்பதற்கு முன்னரே அவர் இவ்வுலகை நீத்துவிட்டார். எனினும் பள்ளிப் பாடங்களிலும் பேச்சுப் போட்டிகளிலும் அவரது பெயர் இன்றும் ஒலித்த வண்ணம் உள்ளது. ஆனால் அவ்விடங்களிலெல்லாம் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே கதைதான்: பறக்க விரும்பிய சிறுமி ஒருத்தி அமெரிக்க நாடு சென்றாள், விண்ணில் ஏறினாள், திரும்பும் வழியில் மாண்டாள் என்பது. அவர் விண்ணில் இருந்த நாட்களிலே என்ன நடந்தது, எதற்காக அவர் சென்றார் என்பனவற்றைச் சொல்வார் அரியர். தமிழ் பயிலும் எமக்கு விஞ்ஞானம் அயற்புலமே எனினும், அறிந்த அளவில் அதனையே இங்குச் சற்று விரித்துரைக்க எண்ணுகின்றோம்.

அம்மையார் இப்போது அரியானா மாநிலத்தைச் சார்ந்ததாயுள்ள கர்னால் என்னும் நகரில், 1962ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆம் நாள் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் பஞ்சாபைச் சேர்ந்திருந்தது. பள்ளித் தேர்வுக்கு வயது போதாமையின் 1961ஆம் ஆண்டு சூலை 1 என்று ஏட்டிற் பதியப்பெற்றது. அதனாலேயே அவர் பிறந்த நாள் இருவகையாக வழங்குகின்றது. தந்தையார் பனாரசி லால் சாவ்லா, நாடு பிரிவினையுற்றபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து உடைமைகளை விட்டுவந்தவர். சிறு சிறு வாணிகங்கள் செய்து, பின்னர் வண்டிச் சக்கரங்களுக்குரிய டயர் செய்யும் தொழிலில் நிலைபெற்றவர். நான்கு மக்களில் கல்பனாவே கடைக்குட்டி. வீட்டில் மோண்டு என்றே அழைத்து வந்தனர். பள்ளியிற் சேர்க்கச் சென்ற அன்று, பெயர் யாது என்று வினவப்பட்டபோது, வீட்டார் எண்ணியிருந்த இரண்டு மூன்று பெயர்களுள் கல்பனா என்பதனைக் குழந்தை தானே தேர்ந்துகொண்டது என்று சொல்வர். அச்சொல்லின் பொருள் கற்பனை என்பது நம்மனோர்க்கு விளக்க வேண்டுவதன்று.

கர்னாலில் ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருந்தது. வீட்டு மாடியின் மேலே சிறு விமானங்கள் பறந்து செல்வதைக் காண்பது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அன்றாட நிகழ்ச்சி. தாகூர் பால நிகேதன் பள்ளியில் 1976இல் படிப்பை முடித்து, பின்னர்ச் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் வானூர்திப் பொறியியலைப் பாடமாகக் கொண்டார். பெண் பிள்ளைகள் அத்துறையில் சேர்வது அக்காலத்து வழக்கமன்று; வேறு துறை எடுக்குமாறு ஆசிரியர் சிலர் அறிவுறுத்தியும் அவர் இணங்கினாரல்லர். தந்தையார்க்கும் முதலில் அவ்வளவு விருப்பமில்லை. தாயார்தாம் மகள் பக்கம் நின்றார் என்று அறிகின்றோம். 1982இல் பட்டம் பெற்ற அவர் அவ்வாண்டே அமெரிக்கா சென்று, டெக்சாசு பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் 1984இல் முதுநிலைப் பட்டமும், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1988இல் டாக்டர் பட்டமும் எய்தினார். இடையே 1983இல் விமானம் ஓட்டப் பயிற்றும் ழான் பியேர் ஆரிசன் என்பாரை மணந்தார். தாமும் விமானம் ஓட்டக் கற்று, நிலத்திலும் நீரிலும் இறங்கும் விமானங்களையும், பொறியின்றி மிதக்கும் விமானங்களையும் செலுத்துவதற்குரிய உரிமங்களைப் பெற்றார்.

காற்று ஒரு பொருளைச் சுற்றி எங்ஙனம் ஓடுகின்றது என்பதைக் கணினியிற் கணக்கிட்டுக் காண்பதே அவர் கற்ற கலை. நின்ற இடத்திலிருந்தே மேலெழும் விமானத்தின் அடியில் வெங்காற்று எவ்வாறு சுழல்கின்றது என்பதனை 1988 முதல் நாசாவின் ஏம்சு ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ந்து வந்தார். பின்னர்க் கலிபோர்னியாவிலுள்ள தனியார் நிறுவனம் ஒன்றில் 1993 முதல் துணைத்தலைவராக இருந்தார். 1991இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1994ஆம் ஆண்டு திசம்பரில் விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, மறு ஆண்டு மார்ச்சில் பயிற்சிக்குச் சேர்ந்தார். இவ்வளவும் காற்றையும் இயந்திரத்தையும் பற்றிய கல்வியேயன்றி, உயிர்களைப் பற்றிய கல்வி இதனுள் யாதொன்றும் இல்லை. அங்ஙனமிருந்தும் அவர் விண்ணேறிய இருமுறையும் ஓடத்தினுள்ளே செடியும் பாசியும் புழுவும் உயிரணுவும் உடன் சென்றன என்பது கருதத்தக்கது.

உயிர்ப்பொருள்களை அவ்வளவு உயரத்திற்கு ஏன் கொண்டுசெல்ல வேண்டும் என்று வினவுவார் உளர். புவியிற் பிறந்த உயிர்கள் யாவும் தோன்றிய நாள் முதல் ஈர்ப்பு விசைக்கு உட்பட்டே வாழ்ந்து வந்துள்ளன. வெளிச்சத்தை மறைக்கலாம், காற்றை நீக்கலாம், குளிரூட்டலாம்; ஈர்ப்பை மட்டும் புவியின்மேல் எவ்வாராய்ச்சிக் கூடத்திலும் நீண்ட நேரம் நீக்கி வைத்தல் இயலாது. ஆதலின் அது உயிருக்கு என்ன செய்கின்றது என்பதைப் பிரித்தறியும் வழியும் இல்லாதிருந்தது. விண்ணோடத்திலும் ஈர்ப்பு இல்லாமற் போவதில்லை. ஏறத்தாழ 280 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் விரைவில், ஓடம் புவியைச் சுற்றி இடையறாது விழுந்துகொண்டேயிருக்கின்றது. கயிறறுந்து கிணற்றினுள் விழும் வாளியிலுள்ள நீர், விழுகின்ற அக்கணத்தில் வாளியின் அடியை அழுத்துவதில்லையன்றோ? அவ்வொரு கணத்தைப் பதினைந்து நாட்களாக நீட்டித் தருவதே விண்ணோடத்தின் பயன். 1984இல் இராகேசு சர்மா என்னும் நம் வீரர் உருசியரின் சல்யூட் நிலையத்திற் தங்கியபோது, எடையின்மையால் உடல் அடையும் தளர்ச்சியை யோகாசனங்கள் தடுக்குமா என்று சோதித்ததும் இத்துறையைச் சார்ந்ததேயாம்.

அம்மையாரின் முதற் பயணம் 1997ஆம் ஆண்டு நவம்பர் 19 முதல் திசம்பர் 5 வரை நிகழ்ந்தது. கொலம்பியா என்னும் ஓடம் புவியை 252 முறை வலம் வந்தது. இந்தியாவிற் பிறந்த பெண்களுள் முதன்முதல் விண்வெளியை அடைந்தவர் அவரே. அப்பயணத்தில் உக்ரேன் நாட்டினராகிய காதெனியூக் என்பாரும் உடன் சென்று செடிகளைப் பேணினார். கடுகினத்தைச் சார்ந்த சிறு செடிகள் ஓடத்தினுள் பூத்தன. பூத்தவற்றிற்கு மகரந்தம் சேர்க்க ஆங்கு வண்டேது? உலர்ந்த தேனீயின் உடலை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, அதன் மயிர்களால் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு அவர் பூக்களுக்கு மாற்றினார். அதே காலத்தில் அமெரிக்காவிலும் உக்ரேனிலும் பள்ளி மாணாக்கர் தத்தம் வகுப்பறைகளில் அதே செடிகளுக்கு அதே முறையில் மகரந்தம் சேர்த்து ஒப்புநோக்கினர். கோடிக்கணக்கான பொருளைச் செலவிட்டு ஏற்றிய ஓடத்தில், இறந்த தேனீ ஒன்று குச்சியின் முனையில் நின்று தன் தொழிலைச் செய்தது என்பதைப் படித்தபோது யாம் பெரிதும் வியந்தோம்.

அதனினும் வியத்தற்குரியது பாசியின் செய்தி. செராட்டோடான் என்னும் பாசியை இருளில் வளர்த்தால், அதன் இழைகள் ஈர்ப்புக்கு எதிராக நேர் மேல்நோக்கி வளரும். இழையின் நுனியிலுள்ள உயிரணுவினுள் மாவுப்பொருள் நிறைந்த நுண்மணிகள் கீழே படிவதனால் அது மேலும் கீழும் அறிகின்றது என்பர். எடையின்மையில் மேலென்றும் கீழென்றும் இல்லை. ஆதலின் இழைகள் முறையின்றி நாற்புறமும் சிதறி வளரும் என்றே அறிஞர் எதிர்பார்த்தனர். ஓடம் திரும்பியபின் பார்த்தால், அவை ஒரே திசையில் வளைந்து, வலஞ்சுழியாகச் சுருண்டு, திருத்தமான சுழற்கோலம் ஒன்றை இட்டிருந்தன. ஈர்ப்பு அடக்கி வைத்திருந்த வேறொரு வளர்ச்சி முறை பாசிக்கு உண்டு என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. ஒருமுறை கண்டது மெய்யோ தற்செயலோ என்று அறிய அதனை மீண்டும் அனுப்ப வேண்டும். இப்பாசியை அன்பர்கள் நினைவிற் கொள்க. இதன் கதை இன்னும் முடியவில்லை.

அம்முதற் பயணத்தில் அம்மையார்க்கு ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. கதிரவனை ஆராய்வதற்குரிய ஸ்பார்ட்டன் என்னும் செயற்கைக்கோளை இயந்திரக் கையாற் பற்றி வெளியே விடுவது அவர் பொறுப்பு. விடப்பட்ட கோள் தன் தொடக்க அசைவைச் செய்யாது நின்றது. மீண்டும் பற்ற முயன்றபோது பிடி கிட்டாமல் அது சுழலத் தொடங்கியது. மூன்று நாட்களுக்குப் பின் வின்ஸ்டன் ஸ்காட், தக்காவோ தோய் என்னும் இருவர் ஓடத்தின் வெளியே சென்று கைகளாலேயே அதனைப் பிடித்து மீட்டனர். செய்தித்தாள்கள் அம்மையார் கையிற் பிழை கண்டன. ஐந்து திங்கள் விசாரணை நடந்தது. கணினிக் கட்டளைகள் மனிதருடன் இணையும் முறையிலும், ஓடத்திலுள்ளோர்க்கும் தரையிலுள்ளோர்க்கும் வகுக்கப்பட்ட நடைமுறைகளிலுமே குறை என்று கண்டு, அவரைக் குற்றத்தினின்றும் விடுவித்தனர். விடுவித்த செய்தி பழித்த செய்தியைப் போற் பரவவில்லை. இஃது உலக வழக்கு போலும். ஆயினும் அவ்வைந்து திங்களும் அவர் முகஞ் சுளியாது தம் பணியைச் செய்து வந்தார் என்பதும், 2000ஆம் ஆண்டிலேயே இரண்டாம் பயணத்திற்கு அவர் பெயர் குறிக்கப்பட்டது என்பதும் அவர்மேல் உடனிருந்தோர் வைத்த நம்பிக்கையைக் காட்டும்.

அப்பயணம் நினைத்தபடி உடனே நடைபெறவில்லை. வேறு பணிகள் முந்திக்கொண்டன. 2002ஆம் ஆண்டு ஓடங்களின் எரிபொருட் குழாய்களில் மயிரளவு வெடிப்புகள் காணப்பட்டமையின் மேலும் தாழ்ந்தது. ஈற்றில் 2003ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கொலம்பியா தன் 28ஆம் பயணத்தைத் தொடங்கியது. தலைவர் ரிக் அசுபண்டு, வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், லாரல் கிளார்க் அம்மையார், இசுரேல் நாட்டினராகிய ஈலான் ரமோன், நம் கல்பனா அம்மையார் என எழுவர் சென்றனர். ஓடத்தின் வயிற்றினுள் இரட்டை அறையாக அமைந்த ஆராய்ச்சிக் கூடம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வேறு நிலையம் எதற்கும் செல்லாமல், ஆராய்ச்சி ஒன்றனுக்காகவே அவர்கள் பதினாறு நாட்கள் சுற்றினர். சோதனைகள் ஏறத்தாழ எண்பது. எழுவரும் இரு பிரிவாகி, ஒரு பிரிவினர் உறங்க மற்றப் பிரிவினர் விழித்திருந்து, இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரமும் வேலை நடத்தினர். தறி ஓயாத வீட்டில் முறை வைத்து நெய்வதைப் போல என்று எம் ஊரார்க்குச் சொல்லலாம். கல்பனா அம்மையார் தலைவரோடும் கிளார்க் அம்மையாரோடும் ரமோனோடும் சிவப்புப் பிரிவில் இருந்தார்; ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடத்தின் பொறியாளர் அவரே.

அவ்வெண்பதனுள் உயிராராய்ச்சிகள் பல. அவற்றிற் புற்றுநோய் பற்றியது ஒன்று எம் மனத்தைப் பெரிதும் ஈர்த்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டிலிட்டு வளர்த்தால், அவை தம் எடையால் அடியிற் படிந்து, ஓலைப்பாய் விரித்தாற்போல் ஒரே தளமாகப் பரவும். உடலினுள்ளோ உயிரணுக்கள் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றும் உடைய கட்டியாகத் திரண்டு, ஒன்றோடொன்று தொடர்புற்று வாழ்கின்றன. தட்டில் வளர்ந்த நோயைக் கண்டு உடலில் வளரும் நோயை உணர்தல், நிழலைக் கண்டு ஆளை அறிவது போன்றதாம். இக்குறையைப் போக்க நாசாவின் அறிஞர்கள் 1980களில் ஒரு கருவி செய்தனர். உருளை வடிவான கலம் ஒன்றில் ஊட்டநீரை நிரப்பி, அதில் உயிரணுக்களை விட்டு, கலத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டேயிருப்பது அதன் முறை. சுழலும் நீர் அவற்றை அடியிற் படியவொட்டாது தாங்கும். ஆயினும் திரள் பெரிதாகப் பெரிதாக எடை மிகுந்து, விரைந்து விழுந்து, கலத்தின் சுவரில் மோதிச் சிதைந்துவிடும். விழுதலே இல்லாத இடத்தில் இக்கலத்தை வைத்தால் என்னாகும் என்பதே வினா. ஆண்மக்களின் சுக்கிலச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் எலும்பினுட் பரவுங்கால் உயிரைக் கொள்வதாகலின், அந்நோயின் அணுக்களையும் எலும்பைச் சார்ந்த அணுக்களையும் ஒன்றுசேர்த்துக் கொலம்பியாவில் வளர்த்தனர். புவியிற் சில மில்லிமீட்டரளவே வளரும் திரள்கள் ஆங்குக் கோல்ப் பந்தின் அளவை எட்டின. இச்செய்தி அப்போதே புவியை எட்டியது.

ஏறியவர்தம் உடல்களும் ஆராய்ச்சிக்குரிய பொருள்களாயின. எடையின்மையில், உடலைத் தாங்கும் எலும்புகள் திங்கள் ஒன்றுக்கு நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேலாகத் தம் சத்தினை இழக்கின்றன; அச்சுண்ணச்சத்து இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தை அடைந்து கல்லாக உறையவும் கூடும். குழுவினர் தம் இரத்தத்தையும் சிறுநீரையும் உமிழ்நீரையும் குறித்த வேளைகளில் எடுத்துப் பதப்படுத்தி வைத்தனர். மூச்சை அளக்கும் கருவியில் மூச்சுவிட்டனர். எலும்பு தேயும் முதியோர்க்கும் படுக்கையிற் கிடக்கும் நோயாளர்க்கும் இவற்றாற் பயன் உண்டாகும் என்பது அறிஞர் கருத்து.

இனி, முற்கூறிய பட்டுப்புழுவின் வரலாறு. அப்பயணத்தில் ஆறு நாட்டுப் பள்ளி மாணாக்கர் வகுத்த சோதனைகளுக்கும் இடம் தரப்பட்டது. ஆசுதிரேலியச் சிறுவர் சிலந்திகளையும், சப்பானியர் சிறுமீன் முட்டைகளையும், லீக்டென்ஸ்டைன் நாட்டினர் மரந்துளைக்கும் வண்டுகளையும், அமெரிக்கர் எறும்புகளையும், இசுரேலியர் படிகங்களையும் அனுப்ப, சீன நாட்டுப் பீகிங் நகரின் சிங்சான் பள்ளியினர் பட்டுப்புழுக்களை அனுப்பினர். எடையின்மையில் புழு கூடு கட்டுமா, கூட்டினுள் உருமாறுமா, வெளிவருமா என்று காண்பது அவர்கள் எண்ணம். நூலுக்காகப் புழு வளர்ப்போர், அந்துப்பூச்சி வெளிவருமுன் கூட்டைச் சூட்டில் வாட்டிவிடுவர். வெளிவந்தால் கூடு துளைபட்டு, ஆயிரம் மீட்டர் வரையும் அறுபடாது நீளக்கூடிய இழை துண்டு துண்டாகிவிடும். ஆதலின் பட்டின்மேல் வாழும் எம் ஊரிலும் கூட்டைவிட்டுப் பூச்சி வெளிவருதலைக் கண்டவர் மிகச் சிலரே. நூல் கர்நாடகத்தினின்றும் முறுக்கி ஏறிய நிலையிலேயே எமக்கு வருகின்றது. கொலம்பியாவில் அது நிகழ்ந்தது. கூட்டைக் கிழித்து வந்த பூச்சி ஒன்று, கசங்கிய சிறகுகளை மெல்ல மெல்ல விரித்துக்கொண்டிருந்ததைக் கிளார்க் அம்மையார் கண்டு, வைத்தியராகிய தாமே வியப்படங்காது, புவியிலுள்ளோர்க்கு அதனை மகிழ்ந்து தெரிவித்தார்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் ஓடத்தின் இடச் சிறகில் ஓர் ஓட்டை இருந்தது. புறப்பட்ட 82ஆம் நொடியில், எரிபொருட் கலத்தின்மேற் பூசப்பட்டிருந்த நுரைக் காப்பின் துண்டு ஒன்று பெயர்ந்து, சிறகின் முன் விளிம்பில் மோதியது. அதன் எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. மோதியது மறுநாளே படங்களிற் தெரிந்தது. சேதத்தை உளவுக் கோள்களாற் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர் சிலர் வேண்டினர். மேலிருந்தோர் அதற்கு இசையவில்லை. முன்னும் பலமுறை நுரை பெயர்ந்தும் ஓடங்கள் நலமே திரும்பியிருந்தமையின், இம்முறையும் அவ்வாறே ஆகும் என்று அமைதியுற்றனர். ஒரு கோள் பிடி தவறியதற்கு ஐந்து திங்கள் ஆராய்ந்த அதே நிறுவனம், எழுவர் அமர்ந்த ஓடத்தின் சிறகை ஒருமுறை நோக்கவும் முயலவில்லையே என்று நினைக்குந்தோறும் எம் மனம் ஆறுவதில்லை. அவ்வாண்டு ஆகத்தில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கையும், நுரைத் துண்டோடு நிறுவனத்தின் பழக்கவழக்கங்களையும் சேர்த்தே காரணமாகக் காட்டியது.

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், இறங்குதற்குப் பதினாறு நிமிடங்களே இருந்தபோது, ஓடத்தின் முன்னே காற்று நெருக்குண்டு எழுந்த வெப்பம் அவ்வோட்டையின் வழியே சிறகினுட் புகுந்தது. டெக்சாசு மாநிலத்தின் வானில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில், கொலம்பியா துண்டு துண்டாயிற்று. எழுவரும் உயிர் துறந்தனர். இந்தியாவில் அப்போது மாலை ஏழரை மணி. கர்னாலில் அவர் படித்த பள்ளியின் சிறார் அவர் இறங்கும் செய்தியைக் கொண்டாடக் கூடியிருந்தனர். அப்பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் மாணாக்கர் இருவர் அமெரிக்கா சென்று நாசாவைக் கண்டுவர அம்மையார் வழி செய்திருந்தார். இரு பயணங்களிலுமாக அவர் விண்ணில் வாழ்ந்தது 31 நாட்களும் சில மணி நேரமும் ஆகும். அவரது உடலின் எச்சம் எரியூட்டப்பட்டு, அவர் விரும்பிச் சென்றுவந்த யூட்டா மாநிலத்துச் சயான் மலைப் பூங்காவில் சாம்பல் தூவப்பட்டது.

ஓடத்தின் துண்டுகளைத் தேடிக் காடுகளிலும் வயல்களிலும் பல்லாயிரவர் அலைந்தனர். ஏறத்தாழ 84,000 துண்டுகள் கிடைத்தன. ஓடத்தின் எடையில் அது நூற்றுக்கு 38 பங்கு. புற்றுநோய்த் திரள்கள் அழிந்தன. பதப்படுத்திய இரத்தமும் அழிந்தது. சிறகு விரித்த அந்துப்பூச்சியும் அழிந்தது. ஆயினும் எல்லாம் அழியவில்லை. கொலம்பியாவினின்றும் படங்களும் அளவுகளும் நிகழ நிகழவே வானொலி அலைகளால் தரைக்கு அனுப்பப்பட்டு வந்தன. அவ்வாறு வந்தவை ஆராய்ச்சியாளர் கையில் எஞ்சின.

வேறொன்றும் எஞ்சியது. மில்லிமீட்டர் நீளமேயுள்ள நூற்புழு வகை ஒன்று அவ்வோடத்தில் ஏற்றப்பட்டிருந்தது. அவற்றிற்கு வழக்கமாக இடும் உணவு உயிருள்ள நுண்கிருமிகள். விண்ணில் அது தொல்லை தருவதாகலின், இரசாயனப் பொருள்களை அளந்து கலந்த ஊட்டநீரிலேயே அவற்றை வாழச் செய்யலாமா என்று சோதிப்பதே அப்பயணத்தின் நோக்கம். சிதறல்களிடையே கிடைத்த கலங்களை வாரங்கள் பல கடந்தபின் திறந்தபோது, உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஏறிய புழுக்களல்ல, அவற்றின் வழிவந்த பின்தலைமுறையினவாம். ஏப்ரல் 30ஆம் நாள் இச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. புதிய ஊட்டநீர் தகுதியுடையது என்பதற்கு இதனினும் கடுமையான சோதனையை எவரும் வகுத்திருக்க மாட்டார், வகுக்கவும் வேண்டா. விண்ணிலிருந்து பாறைகளில் ஒட்டி விழும் சிற்றுயிர்கள் பிழைக்குமோ என்னும் பழைய கேள்விக்கும் இதனால் ஒருவாறு விடை கிடைத்தது.

பாசியும் கிடைத்தது. விண்ணில் இருக்கும்போதே மருந்திட்டுப் பதப்படுத்தப்பட்டமையால் அதன் இழைகள் நின்ற நிலை மாறாது நின்றிருந்தன. நெளிந்து கருகிய கலங்களைத் திறந்து நோக்கிய அறிஞர் கண்டது, 1997இல் கண்ட அதே வலஞ்சுழிக் கோலம். முதற் பயணத்தில் எழுந்த வினாவுக்கு இரண்டாம் பயணம் விடை சொல்லிவிட்டது. அவ்விடை 2005இல் ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. இரு பயணங்களிலும் அப்பாசியோடு உடன் சென்றவர் கல்பனா அம்மையார் ஒருவரே.

அவர் மறைந்த சில நாட்களுள், 2002ஆம் ஆண்டு ஸ்ரீஅரிகோட்டாவினின்றும் ஏவப்பட்ட நம் நாட்டு வானிலைக் கோளுக்குக் கல்பனா 1 என்னும் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டு அரசினர் துணிவும் வீரமும் உடைய மகளிர்க்குச் சுதந்தர நாளில் அவர் பெயரால் விருது வழங்கி வருகின்றனர். பெயர்கள் ஒருபுறமிருக்க, உயிர்களை விண்ணில் வளர்க்கும் ஆராய்ச்சியை நம்மவரும் கைக்கொண்டனர். 2024ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து எழுந்த ஏவூர்தியின் இறுதிக் கட்டத்தில், எட்டுக் காராமணி விதைகள் சிறு பெட்டி ஒன்றில் வைக்கப்பட்டிருந்தன. ஆளில்லாத அப்பெட்டியில் வெப்பமும் ஈரமும் காற்றும் தாமாகவே அளவிடப்பட, நான்கு நாட்களில் விதைகள் முளைத்தன. சில நாட்களில் இலையும் விட்டன. அடுத்த ஆண்டு சூன் 25ஆம் நாள் சுபாஞ்சு சுக்லா என்னும் நம் விமானப்படை வீரர் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குப் புறப்பட்டுச் சென்று, தசையின் உயிரணுக்களையும், நீர்ப்பாசிகளையும், நீர்க்கரடி என்னும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்ததோடு, நம் வீட்டு அடுக்களைக்குரிய வெந்தயத்தையும் பச்சைப்பயற்றையும் கிண்ணங்களில் முளைக்க வைத்து, முளைகளைக் குளிர்பெட்டியிற் சேமித்தார். அவர் ஏறிவந்த கலம் சூலை 15ஆம் நாள் கலிபோர்னியாவை அடுத்த கடலில் நலமே இறங்கிற்று.